போனில் பங்கு வாங்கும் சேவை: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கி, அதே விலைக்கே விற்றால் கையை விட்டு எவ்வளவு போகும்? எந்த டீமேட் (பங்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) ஆப்பை எடை போடுவதானாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பங்கையே எடுத்துக்கொள்வோம். நெய்வேலி என்எல்சி, விலை 250 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் 40 பங்கு.

வாங்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, 0.1 சதவீதம்: 10 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம்: ஒன்றரை ரூபாய். எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) கட்டணம், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 40 காசு சுமாருக்குத்தான் வரும். ஆக 12 ரூபாய். விற்கும்போது முத்திரைத் தீர்வை கிடையாது. எஸ்டிடி மறுபடி 10 ரூபாய், அதோடு டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போவதற்கான டிபி கட்டணம் ஜிஎஸ்டியோடு 15 முதல் 20 ரூபாய். போக வர மொத்தம் 40 ரூபாய் சுமாருக்கு முடிகிறது. இது டெலிவரிக்கு, அதாவது பங்கை வாங்கி வைத்துக்கொள்வதற்கு, புரோக்கரேஜ் (தரகு) வாங்காத ஆப்பில். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் ஆப்பில் ஜிஎஸ்டியோடு இன்னும் 47 ரூபாய் கூடும். டவுனில் இருக்கும் சப்-புரோக்கர் ஆபீஸில் அரை சதவீதம் என்றால் ஒரு பக்கத்துக்கு 59 ரூபாய், இரண்டு பக்கமும் 118. மேலே சொன்ன 40-ஐயும் கூட்டினால் 160-ஐ நெருங்கிவிடும்.

செலவு என்று பார்த்தால் ஆப்புக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். டிபி கட்டணம் தொகையைப் பார்ப்பதில்லை. ஒரு நாளில் ஒரு நிறுவனத்தின் பங்கை விற்றால் ஒரு கட்டணம், அவ்வளவுதான். 50,000 ரூபாய்க்கு விற்றாலும் 16 ரூபாய், 500 ரூபாய்க்கு விற்றாலும் 16 ரூபாய். 500-க்கு விற்பவருக்கு அது மூன்று சதவீதத்துக்கு மேல். ஐந்து கம்பெனிப் பங்கை ஒன்றிரண்டாகச் சேர்த்து வைத்திருப்பவர் அவசரத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொஞ்சம் கொஞ்சம் விற்றால் 80 ரூபாய் போய்விடும். ஒன்றை மட்டும் தேவையான அளவு விற்பதே மேல்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் பாருங்கள். பங்கு மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பிஎஸ்டிஏ என்ற அடிப்படைக் கணக்குக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி இது. ஆனால் உங்கள் பான் எண்ணில் முதல் பெயராக ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும். 'இலவசம்' என்று விளம்பரத்தில் பார்த்ததற்கெல்லாம் கணக்கு திறந்து வைத்தவர்களுக்கு இந்தச் சலுகை போய்விடும். பயன்படுத்தாத கணக்கில் பங்கு எதுவும் இல்லை என்றால் மூடிவிடுங்கள். மூடுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

கணக்கு திறக்கும்போது இனிஷியல்தான் முதல் தடங்கல்

விளம்பரத்தில் பத்து நிமிடம் என்பார்கள். பான், ஆதார், ஆதாரோடு இணைந்த மொபைல், வங்கிக் கணக்கு, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து, ஒரு செல்ஃபி இத்தனையும் சரியாக இருந்தால் பத்து நிமிடம் உண்மைதான். நம் பக்கத்தில் தடுக்குவது பெயர். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் முன்னால் இருக்கும். ஒரே ஆள், மூன்று பெயர். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஆப் ஒரு ரூபாய் அனுப்பும், அல்லது உங்களையே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லும். அங்கே வங்கி சொல்லும் பெயரும் பானில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். மறுபடி மறுபடி முயன்று பயனில்லை. கேன்சல் செய்த காசோலையின் படத்தையோ, பெயரும் கணக்கு எண்ணும் தெரியும் பாஸ்புக் முதல் பக்கத்தையோ ஏற்றினால் ஆள் பார்த்துச் சரிசெய்வார்கள். அதுவும் நடக்காவிட்டால் வங்கியில் பெயரைப் பானுக்கு ஏற்ப மாற்றச் சொல்வது நல்லது. பிறகு மியூச்சுவல் ஃபண்டிலும் இதே சிக்கல் வராது.

கையெழுத்து தமிழில் இருக்கலாம், தடையில்லை. பானில் போட்டது போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று இந்த எல்லைப் பகுதிக்கே உரியது. பின்கோடை வைத்து ஆப் மாநிலத்தைத் தானாக நிரப்பும். முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பம் 605 என்று தொடங்கும், ஆனால் அது தமிழ்நாடு. பாகூர் பக்கம் 607 என்று தொடங்கும், ஆனால் அது புதுச்சேரி. ஆப் தப்பாக நிரப்பினால் முகவரி ஆதாரோடு ஒத்துப்போகாமல் கேஒய்சி 'ஹோல்டு' ஆகும். முத்திரைத் தீர்வை எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதும் இந்த முகவரியை வைத்துத்தான். கையெழுத்திடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தின் நடுவில் 'செக்மென்ட்' என்று ஒரு பக்கம் வரும். ஈக்விட்டி (பங்கு), மியூச்சுவல் ஃபண்ட், ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் (வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்), கரன்சி, கமாடிட்டி. சில ஆப்களில் எல்லாவற்றிலும் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். ஈக்விட்டி, மியூச்சுவல் ஃபண்ட் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன், கரன்சி, கமாடிட்டிக்குத்தான் ஆறு மாத வங்கி அறிக்கையோ சம்பளச் சீட்டோ கேட்பார்கள். அந்த டிக்குகள் இல்லை என்றால் வருமானச் சான்றே தேவையில்லை, விண்ணப்பமும் சீக்கிரம் முடியும்.

பங்கு யாரிடம் இருக்கிறது

இந்தச் சேவையில் பலர் பயப்படும் இடம் இது: ஆப் கம்பெனி மூடிப் போனால் நம் பங்கு என்னாகும்? பங்கு ஆப்பில் இல்லை. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் (பங்குகளைக் காத்து வைக்கும் அமைப்புகளில்) ஒன்றில் உங்கள் பெயரில், உங்கள் பானோடு இருக்கிறது. புரோக்கர் இடையில் நிற்கும் ஆள்தான். கணக்கு எண் 16 இலக்கம். முழுக்க எண்ணாக இருந்தால் சிடிஎஸ்எல், ஆங்கில 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் என்எஸ்டிஎல்.

இடையில் நிற்பவர் கையை நீட்டியதும் உண்டு. 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு அடமானம் வைத்தது வெளியே வந்தது. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னிதான் அதற்கு வழி விட்டது. அதன் பிறகு விதிகள் இறுகின. இப்போது பங்கு விற்கும்போது சிடிஎஸ்எல்லில் 6 இலக்க டிபின்னும் ஓடிபியும் போட்டு நீங்களே அனுமதி தர வேண்டும். அடமானம் என்றாலும் டெபாசிட்டரியிலிருந்து உங்கள் போனுக்கு ஓடிபி வரும். ஒவ்வொரு முறையும் போடச் சலிப்பாக இருந்தால் டிடிபிஐ என்ற பத்திரத்தில் ஒரே தடவை கையெழுத்திடலாம். பழைய பவர் ஆஃப் அட்டர்னியை விட அதன் வரம்பு குறுகியது. மாதத்துக்கு ஒரு தடவை விற்பவருக்கு அதுவும் தேவையில்லை. டிபின் போதும்.

ஆப் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் இருக்க மூன்று சோதனை உண்டு, மூன்றும் இலவசம். டெபாசிட்டரியின் சொந்தத் தளத்தில் பதிவு செய்து நேரடியாகப் பாருங்கள்: சிடிஎஸ்எல்லில் ஈஸி, என்எஸ்டிஎல்லில் ஐடியாஸ். இரண்டாவது, நீங்கள் வாங்கி விற்ற மாதங்களில் டெபாசிட்டரியே மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கை. மூன்றாவது, ஆர்டர் நடந்த அன்று மாலை எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் குறுஞ்செய்தி. புரோக்கர் 24 மணி நேரத்துக்குள் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டோடு (அன்றைய ஆர்டர்களின் கணக்குச் சீட்டு) இதை ஒத்துப் பாருங்கள். நீங்கள் போடாத ஆர்டர் ஒன்று அதில் இருந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.

பங்கு பத்திரமாக இருக்கலாம். ஆப்பில் சும்மா கிடக்கும் காசு வேறு கதை. அதற்கு வட்டி கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடும் இல்லை. மூன்று மாதத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை பயன்படுத்தாத பணத்தை புரோக்கர் வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. கணக்கு திறக்கும்போது 'மாதம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விற்ற மறுநாள் பணம் கைக்கு வந்துவிடுகிறது, 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குக்கும் அப்படித்தான். எனவே நாமே எடுத்துவிடுவது அதைவிட நல்லது.

திரை எதை முன்னால் வைக்கிறது

வாங்கி வைத்துக்கொள்பவரிடம் ஆப்புக்கு வருமானம் கிடைப்பதில்லை. டெலிவரிக்கு புரோக்கரேஜ் வாங்காத கம்பெனி எங்கே சம்பாதிக்கிறது? அடிக்கடி வாங்கி விற்பவரிடமும், ஆப்ஷனில் இறங்குபவரிடமும், கடன் வாங்கிப் பங்கு வாங்குபவரிடமும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆப்பின் முதல் திரையைப் பாருங்கள். 'இன்று அதிகம் ஏறியவை', 'ஆப்ஷன் செயின்', 'நான்கு மடங்கு வாங்கும் சக்தி' எல்லாம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். ஆண்டறிக்கையும் வரி அறிக்கையும் மூன்று பக்கம் உள்ளே இருக்கும். எங்களுக்கு இந்தச் சேவையில் பிடிக்காத பெரிய குறை இதுதான். திரை வடிவமைப்புக்கு ஐந்துக்கு இரண்டு கொடுப்பதே தாராளம்.

ஆப்ஷன் பற்றி யூகம் வேண்டாம். செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தலைக்குச் சராசரி 2 லட்சம். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில் 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்பதும் செபி ஆய்வு சொன்னதுதான். 2024 நவம்பருக்குப் பிறகு வந்த, நிஃப்டி போன்ற குறியீடுகளின் ஒப்பந்தங்களுக்குக் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாய். ஆப்ஷன் வாங்க சில ஆயிரம் போதும் என்பதால் அது சின்ன ஆட்டம் போலத் தெரிகிறது. அந்தச் சில ஆயிரம் வியாழனோ செவ்வாயோ காலாவதி நாளில் முழுசாகப் பூஜ்யமாகலாம். பங்கு அப்படிக் காலாவதி ஆவதில்லை.

வரிப் பக்கமும் இருக்கிறது. ஆப்ஷனில் ஒரே ஒரு ஆர்டர் போட்டாலும் அது வியாபார வருமானம். எளிய படிவத்தில் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்த என்எல்சி ஊழியரோ பள்ளி ஆசிரியரோ ஐடிஆர்-3க்கு மாற வேண்டும். ஆடிட்டர் செலவே லாபத்தைத் தின்றுவிடும். டெலிவரியில் வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம்.

ஆர்டர் போடும் பக்கத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, 'டெலிவரி' என்பதற்குப் பதில் 'எம்டிஎஃப்' தேர்வாகி இருப்பது. 10,000 ரூபாய் போட்டு 30,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கியது போல இருக்கும், மீதி 20,000 கடன். வட்டி நாள் கணக்கில் ஓடும், ஆண்டுக்கு 10 முதல் 18 சதவீதம் வரை ஆப்புக்கு ஆப்பு மாறும். விலை இறங்கினால் கூடுதல் பணம் கேட்பார்கள், கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள். இரண்டு, 'மார்க்கெட்' ஆர்டர், அதாவது அப்போது கிடைக்கும் விலைக்கே வாங்குவது. பெரிய கம்பெனியில் பாதகமில்லை. தினமும் சில ஆயிரம் பங்கு மட்டுமே கைமாறும் சின்னக் கம்பெனியில் மார்க்கெட் ஆர்டர் போட்டால், 92 ரூபாய் என்று திரையில் பார்த்தது 96-க்கு வாங்கப்பட்டிருக்கும். விற்பவர் வரிசையில் 92-க்கு 20 பங்கும் அடுத்தது 96-க்கும் இருந்திருக்கும். 'மார்க்கெட் டெப்த்' என்ற ஐந்து வரிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று நீங்களே குறிக்கும் லிமிட் விலை போடுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டுக்குத்தான் இந்தச் சேவை மிகவும் பொருந்துகிறது

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் இரண்டு வகை உண்டு, டைரக்ட், ரெகுலர். இரண்டிலும் பங்குகள் ஒன்றே, நிர்வாகி ஒருவரே. ரெகுலரில் ஏஜெண்ட் கமிஷன் உள்ளே இருக்கிறது, ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வித்தியாசம் வரும். மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதத் தவணையில் போடுவது), 20 ஆண்டு. கணக்குக்காக ஒன்று 12 சதவீதமும் மற்றது 11 சதவீதமும் வளர்கிறது என்று வைத்தால், முதலாவது 50 லட்சத்தைத் தொடும், இரண்டாவது 43.7 லட்சத்தில் நிற்கும். போட்ட மொத்தப் பணமே 12 லட்சம்தான், அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு சதவீதத்தில் போகிறது. ஆப்பில் ஃபண்ட் பெயரின் கடைசியில் 'டைரக்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி ஆப் வழியாக வாங்குவது பெரும்பாலும் ரெகுலராகத்தான் இருக்கும்.

அதற்காக ஏஜெண்டை விட்டுவிடச் சொல்லவில்லை. சந்தை 20 சதவீதம் இறங்கிய மாதத்தில் 'எஸ்ஐபியை நிறுத்தாதீங்க' என்று போன் செய்து பிடித்து நிறுத்துபவர் அந்தக் கமிஷனுக்குத் தகுதியானவர்தான். அப்படி ஒருவர் இல்லாமல் கமிஷன் மட்டும் போய்க்கொண்டிருந்தால் மாறலாம். மாறும்போது பழையதை விற்று வாங்கினால் வரியும், ஓராண்டு ஆகாத தவணைகளுக்கு எக்ஸிட் லோடும் (முன்கூட்டி எடுப்பதற்கான கட்டணம்) வரும். பல ஈக்விட்டி ஃபண்டுகளில் அது 1 சதவீதம். புதிய தவணைகளை மட்டும் டைரக்டில் தொடங்கிவிட்டு, பழையதை ஆண்டுக்குக் கொஞ்சமாக 1.25 லட்ச லாப வரம்புக்குள் மாற்றுவது புத்திசாலித்தனம்.

அன்றைய என்ஏவி (ஃபண்டின் ஒரு யூனிட் விலை) வேண்டும் என்றால் மூன்று மணிக்குள் ஆர்டர் போட்டால் போதாது, பணம் ஃபண்ட் கணக்குக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டரைக்கு யூபிஐயில் கட்டியவருக்கு மறுநாள் விலை விழுவது இதனால்தான். நீண்ட காலத்துக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் சந்தை விழுந்த நாளில் வாங்க நினைப்பவர் மதியத்துக்கு முன் கட்டிவிட வேண்டும். எஸ்ஐபி தேதியைச் சம்பளத் தேதிக்கு மறுநாளே வைக்காமல் நான்கைந்து நாள் தள்ளி வையுங்கள். பணமில்லாமல் திரும்பினால் ஃபண்ட் எதுவும் பிடிக்காது, வங்கி பிடிக்கும். ஒரு தடவைக்கு 250 முதல் 500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மூன்று மாதம் தொடர்ந்து திரும்பினால் எஸ்ஐபியே ரத்தாகும்.

புயல் நாட்கள்

சென்னைக்காரர் எழுதும் மதிப்பீட்டில் இது வராது. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். ஃபெஞ்சல் கரை கடந்தது சனிக்கிழமை இரவு, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. திங்கள் காலை 9.15க்கு மும்பையில் சந்தை வழக்கம்போலத் திறந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஓடிபி வராது என்பதெல்லாம் சந்தைக்குத் தெரியாது.

டெலிவரியில் வாங்கி வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் ஆப்பைத் திறக்காவிட்டாலும் எதுவும் கெடாது. எஸ்ஐபி வங்கியிலிருந்து தானாகப் போகும். மாட்டிக்கொள்வது எம்டிஎஃப் கடனும் ஆப்ஷனும் வைத்திருப்பவர்கள். மார்ஜின் (கூடுதல் பணம்) கேட்டு வரும் செய்தியே கைக்கு வராது, அதற்குள் விற்றிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இரண்டையும் வைத்திருப்பது நல்லதல்ல. இன்ட்ராடேயை புரோக்கர் மாலை 3.15 வாக்கில் தானாக முடித்துவிடுவார், ஆர்டருக்கு 50 ரூபாய் சுமாருக்கு அபராதம் வேறு. நல்ல ஆப்பில் போன் செய்து ஆர்டர் சொல்வதற்கான 'கால் அண்ட் டிரேட்' எண் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனுக்குள் சேமித்து வைத்தது சார்ஜ் போனால் உதவாது. ஓடிபிக்குப் பதில் நெட் இல்லாமலே இயங்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பை உள்நுழைவுக்கு அமைத்துக்கொண்டால் வெளியூர் வைஃபையிலிருந்தும் திறக்க முடியும்.

ஆப்பே இல்லாத ஆப்

இதுவரை சொன்ன அபாயம் எல்லாம் உண்மையான சேவைக்குள் இருப்பவை. பெரும்பணம் போவது அதற்கு வெளியே. வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குரூப்பில் உங்களைச் சேர்ப்பார்கள். தினமும் இரண்டு பங்கு சொல்வார்கள், குரூப்பில் இருப்பவர்கள் லாபப் படங்களைப் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்களின் ஆட்களே. பிறகு 'இன்ஸ்டிடியூஷனல் கணக்கு', 'ஐபிஓ (புதுப் பங்கு வெளியீடு) கட்டாயம் கிடைக்கும்', 'வெளிநாட்டு முதலீட்டாளர் வழியில் தள்ளுபடி விலை' என்று ஒரு லிங்க் வரும். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப். பணம் போகும் இடத்தைப் பாருங்கள்: ஏதோ ஒரு டிரேடர்ஸ், டிராவல்ஸ் பெயரில் நடப்புக் கணக்கு, ஒவ்வொரு தடவையும் வேறு பெயர். முதலில் 5,000 எடுக்கக் கேட்டால் கொடுப்பார்கள், நம்பிக்கைக்காக. திரையில் 10 லட்சம் 40 லட்சமாகும். எடுக்கப் போனால் 'லாபத்துக்கு 20 சதவீத வரி முன்கூட்டிக் கட்டுங்கள்' என்பார்கள். வருமான வரியை நீங்கள் அரசுக்குக் கட்டுகிறீர்கள், எந்த புரோக்கரும் பணத்தை விடுவிக்க உங்களிடம் வரி கேட்க மாட்டார். அந்த வாக்கியம் வந்த நொடியிலேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

பணம் அனுப்பும் முன்பே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் செபியில் பதிவான புரோக்கர்களுக்கும் ஃபண்டுகளுக்கும் தனி யூபிஐ முகவரி உண்டு, அதில் 'வேலிட்' என்ற ஆங்கிலச் சொல் வங்கிப் பெயரோடு ஒட்டி வரும். யூபிஐ திரையில் பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் குறி தெரியும். 'செபி செக்' என்ற வசதியில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டாலும் தெரிந்துவிடும். யோசனை சொல்பவரின் பதிவு எண்ணையும் செபி தளத்தில் தேடிப் பாருங்கள். புகைப்படமாக அனுப்பிய சான்றிதழ் எதற்கும் ஆதாரமில்லை.

போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதே எண். யூடிஆர் எண் (பணப் பரிமாற்ற எண்), தொகை, அனுப்பிய நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீளும். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் இருப்பதில்தான் பலர் பணத்தை முழுசாக இழக்கிறார்கள்.

ஆப் தவிர

மஞ்சக்குப்பத்திலும் நேரு வீதிப் பக்கமும் இருக்கும் சப்-புரோக்கர் ஆபீஸ்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அப்பா காலத்துக் காகிதப் பங்குச் சான்றிதழை டீமேட்டாக்குவது, இறந்தவர் பெயரில் உள்ள பங்கை மாற்றுவது, கையெழுத்து மாறிப்போனதற்கு வங்கி அத்தாட்சி வாங்குவது இவையெல்லாம் ஆப்பின் சாட் பெட்டியில் தீராது. அந்த வேலைக்கு மட்டும் பேசிக் கட்டணம் கொடுங்கள். ஆர்டர் போடும் பொறுப்பையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம், எவ்வளவு பழகியவராக இருந்தாலும்.

பங்கே வேண்டாம், பாதுகாப்புதான் முக்கியம் என்பவருக்கு ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் உண்டு, 2021 நவம்பர் 12இல் தொடங்கியது. கணக்குக்கும் பராமரிப்புக்கும் கட்டணமே இல்லை. குறைந்தது 10,000 ரூபாய். 91, 182, 364 நாள் டிரஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வாராவாரம் ஏலத்துக்கு வருகிறது, நீண்ட கால அரசுக் கடன் பத்திரமும் உண்டு. பத்திரங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி நேராக வங்கிக்கு வரும். குறை ஒன்று: இடையில் விற்க நினைத்தால் சின்னத் தொகைக்கு வாங்க ஆள் எளிதில் கிடைப்பதில்லை, விலையைக் குறைத்துக் கொடுக்க நேரும். முதிர்வு வரை வைத்திருக்க முடிந்த பணத்தை மட்டும் போடுங்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு இதற்கு ஐந்துக்கு நான்கரை.

டிஜிட்டல் தங்கம் பல ஆப்களில் ஒரு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வாங்கும்போதே 3 சதவீத ஜிஎஸ்டி போகிறது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இன்னும் கொஞ்சம். அது தன் கண்காணிப்புக்குள் வராது என்று 2025 நவம்பரில் செபி எச்சரித்திருக்கிறது. தங்கம் வேண்டுமானால் டீமேட் வழியாக கோல்டு இடிஎஃப், அதாவது பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்ட்.

பிரான்ஸில் குடியிருக்கும் பிள்ளைகள் புதுச்சேரி முகவரியிலேயே பழைய கணக்கைத் தொடர்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அது விதிமீறல். வெளிநாட்டில் குடியேறியதும் வங்கிக் கணக்கை என்ஆர்ஓவாகவும் (வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்கு) டீமேட்டை அதற்கேற்பவும் மாற்ற வேண்டும், லாபத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். இன்ட்ராடே அவர்களுக்குக் கிடையாது.

புகார் என்றால் முதலில் புரோக்கருக்கு மின்னஞ்சல், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளம், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்குப் போகலாம். எல்லாம் இணையத்தில்தான், சென்னைக்கு அலைய வேண்டாம். கான்ட்ராக்ட் நோட், ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் இவற்றைத் தேதி வரிசையில் வைத்திருப்பவருக்கு வேலை சுலபம்.

கணக்கு திறந்த அன்றே நாமினியையும் போட்டுவிடுங்கள், பத்து பேர் வரை போடலாம், சதவீதமும் குறிக்கலாம். பிறகு ஆப்பிலிருந்து 'கிளையன்ட் மாஸ்டர் ரிப்போர்ட்' என்ற ஒரு பக்கத்தைத் தரவிறக்கி அச்செடுங்கள். 16 இலக்க எண், வங்கிக் கணக்கு, நாமினி பெயர் எல்லாம் அதில் இருக்கும். ரேஷன் கார்டும் எல்ஐசி பாலிசியும் வைத்திருக்கும் பையில் அதையும் போட்டு, வீட்டில் ஒருவரிடம் காட்டி வையுங்கள்.